மூட்டைக்கு அடியில் ஒரு தொப்பி

பிளாஸ்டிக் தொப்பியைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். தலையை மறைக்க எதுவும் கொண்டுவராதவர்களுக்காகப் பள்ளிவாசல் வாசலில் ஒரு பெட்டியில் போட்டு வைத்திருப்பார்களே, அந்தத் தொப்பி. உடம்பெல்லாம் ஓட்டை. அரிசி களையும் வடிதட்டைக் கவிழ்த்தது போலத் தலையில் உட்காரும். உட்காரும் என்பதுகூடச் சரியில்லை, நிற்கும். குனிந்தால் விழும். கழற்றினால் நெற்றியில் கட்டம் கட்டமாகத் தடம் இருக்கும். அதைச் செய்தவன் மனிதத் தலை ஒன்றைப் பார்த்தே இருக்க மாட்டான் என்று எனக்குத் தோன்றும். மட்டாஞ்சேரியில் எங்கள் தெருப் பள்ளிவாசலுக்கு அது எப்படி வந்து சேர்ந்தது என்பதை நான் நன்றாக அறிவேன். அதைத் தடுக்கப் போனவள் நான்.

அதற்கு முன் அந்தப் பெட்டியில் இருந்தவை என் அம்மா பின்னிய தொப்பிகள்.

அம்மாவுக்குத் தொப்பி பின்னுவது பொழுதுபோக்கு. இதைச் சொன்னால் கேட்பவர்கள் உடனே கம்பளிக் குல்லாயை நினைத்துக்கொள்கிறார்கள். கொச்சியில் மார்கழியிலும் விசிறி சுற்றும். கம்பளிக்கு அங்கே என்ன வேலை? அம்மாவுடையது வெள்ளைப் பருத்தி நூல். ஒரு நூல் உருண்டை, நுனி வளைந்த ஒரு குரோஷா ஊசி, அவ்வளவுதான் சாமான். உச்சியில் ஒரு சின்ன வளையத்தில் தொடங்குவாள். அதிலிருந்து பூவிதழ் மாதிரி ஓட்டைகள் சுழன்று சுழன்று இறங்கும். விளிம்புக்கு வந்ததும் மீன் செதில் போல ஒரு வரிசை. அந்த மீன் செதில் வேறு யார் பின்னலிலும் வராது. ஒரு கண்ணியை வேண்டுமென்றே விட்டுவிட்டு அடுத்ததில் இரண்டு முறை நுழைப்பாள். பிறந்த ஊரான கம்பத்தில் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவளாகக் கண்டுபிடித்தது. கல்யாணமாகிக் கொச்சிக்கு வந்தபோது துணிமணிகளோடு அந்த ஊசியும் வந்தது.

குழம்பு கொதிக்கும் நேரத்தில் பின்னுவாள். தண்ணீர் வரக் காத்திருக்கும் நேரத்தில் பின்னுவாள். எதிர்வீட்டு இத்தா, "விற்றூடே? பஜாரில் கொடுத்தால் காசு கிட்டும்" என்று ஒவ்வொரு நோன்புக்கும் சொல்லிப் பார்த்தாள். அம்மா மாட்டேன் என்றாள். "விக்கிறதுக்குன்னு பின்னுனா கை கணக்குப் பாக்க ஆரம்பிச்சிரும்." பின்னியதெல்லாம் பள்ளிவாசல் பெட்டிக்குப் போயின. பெருநாளைக்கு ஒன்று அத்தாவுக்கு.

பின்னி முடித்ததும் வேலை முடியாது. கஞ்சித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, வடிவத்துக்காக எதன் மேலாவது மாட்டிக் காயவைக்க வேண்டும். அம்மா பாத்திரங்களைக் கவிழ்த்து அவற்றின் மேல் மாட்டுவாள். சின்னப் பையன்களுக்குச் செம்பு அளவு, வாலிபர்களுக்குப் பால் சட்டி அளவு, பெரியவர்களுக்குச் சோற்றுப் பானை அளவு. எங்கள் சமையலறையில் எந்தப் பாத்திரத்தை எடுக்கப் போனாலும் அது ஈரத் தொப்பி அணிந்து சுவர் பக்கமாக உட்கார்ந்திருக்கும்.

"ஏ புள்ள, சட்டி தொழுது முடிச்சு வந்தப்புறந்தான் குழம்பு வைப்பியோ?" என்பார் அத்தா.

"சட்டிக்காவது வாயை மூடிட்டு இருக்கத் தெரியுது" என்பாள் அம்மா.

அத்தா பஜாரில் ஒரு குடைக் கடையில் வேலை பார்த்தார். கம்பிக்குத் துணி கோர்த்துத் தைப்பது, ஒடிந்த கம்பியை மாற்றுவது. சுபாவமாகவே சண்டைக்குப் போகாதவர். அந்தச் சுபாவத்தின் மேல் அந்த வருடம் எனக்குக் கோபம் வந்தது, அது பிறகு.

கேரளத்துப் பள்ளிக்கூடங்களில் வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை நீளம். தொழுகைக்குப் போய்வர நேரம் வேண்டும் என்பதற்காக. எங்கள் பள்ளிக்கூடம் பள்ளிவாசலுக்கு அடுத்த சந்து. அத்தா வந்து என்னைக் கூட்டிப்போய், கை கால் கழுவும் தொட்டிக்குப் பக்கத்துப் படியில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போவார். சின்னப் பெண் என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் அந்தப் படியும் கிடையாது. அம்மா அந்த வாசலைத் தாண்டியதே இல்லை. எங்கள் பள்ளிவாசலில் பெண்களுக்கு இடம் கிடையாது. இது எனக்கு அப்போது ஒரு விஷயமாகவே படவில்லை. ஆனி ஆடியில் மழை பெய்வது போல, இருந்தது, அவ்வளவுதான். தான் பின்னிய தொப்பிகளை அம்மா பார்த்தது அத்தாவின் தலையிலும் அடுக்களைப் பாத்திரங்களின் தலையிலும் மட்டுமே.

படியில் உட்கார்ந்து பார்த்தால் உள்ளே வரிசை வரிசையாகத் தலைகளின் பின்புறம் தெரியும். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்பாள்.

"இன்னைக்கு நம்ம தொப்பியை யாரு போட்டிருந்தா?"

"யாரோ."

"யாரோன்னா? வயசாளா, பையனா?"

"முதுகுதாம்மா தெரியும்."

"தலை தெரியும்ல?"

தலை தெரியும். ஒரு தலையைப் பற்றி என்ன சொல்வது? கறுப்பு முடி, வெள்ளை முடி, முடி இல்லை. நான் சொல்வது அவளுக்குப் போதாது. சிறியதா பெரியதா, குனிந்தபோது நழுவியதா, சுருக்கம் விழுந்ததா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். எனக்குச் சலிப்பாக இருக்கும். சில வாரம் கற்பனையாக ஏதாவது சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுவேன்.

பிரச்சினை என்னவென்றால், பெட்டி காலியாகிக்கொண்டே வந்தது. அம்மா பின்னப் பின்ன அத்தா கொண்டுபோய் வைப்பார். ஒன்றிரண்டு மாதத்தில் அடிப்பலகை தெரியும். தொழ வந்தவர்கள் தலையில் மாட்டியபடியே போய்விடுகிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் செக்ரட்டரி அத்தாவைத் தொட்டியருகே நிறுத்தினார். பஜாரில் கயிறும் தார்ப்பாயும் விற்கும் கடைக்காரர். கையில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து. தமிழ்க்காரர்களிடம் பாதித் தமிழில் பேசுவது அவர் வழக்கம்.

"குடைக்காரரே, ஒரு காரியம் பறயட்டே? வீட்டில் விஷமம், வருத்தம் தோணக் கூடாது."

"சொல்லுங்க செக்ரட்டரி."

"தொப்பி எல்லாம் போகுது. எடுக்கறவன் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறதில்ல. நூல் தொப்பி அல்லே? மடக்கி பாக்கெட்டில் வைக்கலாம். பின்னெ, இத்தனை பேர் வேர்வை. யார் துவைக்கும்? பிளாஸ்டிக் ஆனால் பைப்பைத் திறந்து கழுவி விடலாம். ஒருத்தனும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டான். வர்ற வெள்ளிக்கு முன்னாடி புதுசு வந்துடும்."

யாருக்கும் வேண்டாத பொருள் என்பதையே ஒரு பொருளின் பெருமையாகச் சொன்ன முதல் மனிதர் அவர். பத்திரிகை வேலைக்கு வந்தபின் அப்படிச் சொல்பவர்கள் நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன். அத்தா என்ன சொன்னார் தெரியுமா? "செக்ரட்டரி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். நான் அவர் கையை உதறிவிட்டு முன்னால் நடந்தேன்.

அன்று இரவுச் சோற்றின்போது, மீனின் முள்ளை எடுத்துக்கொண்டே, அத்தா இதை அம்மாவிடம் சொன்னார். நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபப்படுவாள், செக்ரட்டரியை நாலு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"எடுத்துட்டுப் போயிடுறாங்களா?" என்றாள்.

"ஆமா."

"போட்டுட்டேவா?"

"போட்டுட்டே."

"எங்க போறாங்க?"

"அவங்கவங்க சோலிக்கு" என்றார் அத்தா. அம்மா தட்டுகளை அடுக்கினாள். பாத்திரம் கழுவியானதும் பாதி பின்னியிருந்த தொப்பியை ஊசியோடு சேர்த்து நூல் உருண்டையில் குத்தி, அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அவள் அதை அங்கே வைத்து நான் பார்த்ததில்லை. எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கும்.

எனக்குத் தீர்மானமாகிவிட்டது. இது திருட்டு. திருடர்கள் பிடிபட்டு, தொப்பிகள் பெட்டிக்குத் திரும்பி வந்துவிட்டால் பிளாஸ்டிக்குக்கு அவசியம் இருக்காது. அம்மாவின் தொப்பிகள் பெட்டியிலேயே இருக்கும். அடுத்த வெள்ளிக்குள் கண்டுபிடிக்க வேண்டும்.

மட்டாஞ்சேரியில் வெள்ளைத் தொப்பிக்கா பஞ்சம்? சனிக்கிழமை காலையிலிருந்து தலைகளையே பார்த்துக்கொண்டு அலைந்தேன். பலாமூசு பொரிக்கும் கடையில் ஒரு தொப்பி, தையல்காரர் தலையில் ஒன்று, படகுத்துறையில் வைப்பினுக்குப் போகும் கூட்டத்தில் நாலைந்து. எதிலும் மீன் செதில் இல்லை. பள்ளுருத்தி ஆட்டோ ஒன்று நெரிசலில் நின்றபோது ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் முகத்தை நீட்டிப் பார்த்தேன். "எந்தா, கேறுன்னோ?" என்றார், சவாரியா என்று. அவருடையதிலும் இல்லை.

யூதர்கள் வாழ்ந்த ஜூத் தெருவில் ஒரு வெள்ளைக்காரரின் தலையில் வெள்ளைத் தொப்பி தெரிந்தது. பழஞ்சாமான் கடைகள் ஒவ்வொன்றிலும் அவர் நுழைந்து வெளிவர, நானும் பின்னால் நின்றேன். உயரமான ஆள், உச்சி எனக்குத் தெரியவில்லை. கடைசியில் அவர் திரும்பிப் பார்த்து, என்னை யாசகம் கேட்க வந்தவளாக எண்ணி, பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினார். நான் தலையை ஆட்டி, அவர் தலையைக் காட்டினேன். மனிதர் நல்லவர், குனிந்தார். மெஷினில் நெய்த தொப்பி. என்னை யாரென்று நினைத்தார் என்ற ஆத்திரத்தில் பிஸ்கட்டை வாங்காமல் வந்துவிட்டேன். வாங்கியிருக்கலாம் என்று தெருமுனையில் தோன்றியது.

கிடைத்தது, புதன்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது. பஜார் ரோட்டில் ஒரு கிட்டங்கியின் முன் வற்றல்மிளகாய் லாரி நின்றது. மிளகாய் லாரி வந்திருப்பதை நாங்கள் கண்ணால் பார்க்கத் தேவையில்லை. தெரு முழுக்கத் தும்மும். மூட்டை தூக்குபவர்கள் லாரிக்கும் கிட்டங்கிக்கும் இடையே வரிசையாகப் போய்வந்தார்கள். ஒவ்வொருவர் தலையிலும் மடித்த தோர்த்துத் துண்டு, அதன் மேல் மூட்டை. ஒருவரின் தோர்த்துக்குக் கீழே, காதுக்கு மேலே, சிவப்பும் அழுக்குமாக ஒரு விளிம்பு. மீன் செதில்.

எனக்கு அப்படியே உடம்பு எரிந்தது. வீட்டில் அதன் மேல் ஒரு ஈ உட்கார்ந்தால் அம்மா விரட்டுவாள். அதன் மேல் ஒரு சாக்கு மூட்டை!

"இக்கா, ஆ தொப்பி எவிடுன்னா?" என்று அவர் முன்னால் போய் நின்றேன். எங்கிருந்து கிடைத்தது என்று, வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் மலையாளத்தில்தான் கேட்டேன்.

"மாறு மோளே, மாறு!" என்று மூட்டையோடு என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். இறக்கிவிட்டு வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "என்னா பாப்பா?" என்றார் தமிழில். நான் மலையாளத்தில் கேட்டதற்கு அவர் தமிழில் பதில் சொன்னது தொப்பியைவிடப் பெரிய அவமானமாக இருந்தது.

"அது எங்க அம்மா பின்னுனது."

"அம்மையா? ஏது அம்ம?"

"எங்க அம்மா. நீங்க பள்ளிவாசல் பெட்டில இருந்து எடுத்துட்டீங்க."

"எடுத்து" என்று ஒப்புக்கொண்டார். "பள்ளியிலெ தொப்பி எல்லாருக்கும் உள்ளதல்லே? நானும் தொழப் போறவன் தன்னே."

"தொழுறதுக்குத்தான் வச்சிருக்கு. மூட்டை தூக்க இல்ல."

லாரியின் மேலிருந்தவர்கள் சிரித்தார்கள். "போலீஸ் வந்நு!" என்றார் ஒருவர். "கேஸாக்கும் கேட்டோ, ஓடிக்கோ!" என்றார் இன்னொருவர். எனக்கு அழுகை முட்டியது. அழக்கூடாது என்று பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அவர் சிரிக்கவில்லை. எனக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். "பாப்பா, கேளு. வெள்ளியாழ்ச்ச தொழுது எறங்கினப்போ லோடு வந்து. அப்படியே ஓடி வந்தேன். தொப்பி தலையில் இருக்குன்னு ஞாபகம் இல்ல. வற்றல் சாக்கு. சாதாரணமா ரெண்டு சாக்கு எடுத்தால் தலை தீ பிடிச்ச மாதிரி எரியும். அன்னிக்கு எரியல. மறுநாளும் எரியல." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "பின்னெ நான் எந்து செய்யும்?"

எனக்கு அது கேள்வியாகவே படவில்லை. கையை நீட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றி, முண்டில் இருபுறமும் தட்டி, என் கையில் வைத்தார். உச்சந்தலையில் முடி உதிர்ந்த இடம் சிவந்து கிடந்தது. "அம்மையோடு சொல்லு, நல்ல தொப்பி. கொஞ்சம் டைட்டு."

எடுத்ததும் போதாமல் குறையும் சொல்கிறார்! நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பின்னால் யாரோ அடுத்தடுத்துத் தும்மினார்கள்.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே செக்ரட்டரியின் கயிற்றுக் கடைக்குப் போய், தார்ப்பாய்ச் சுருளின் மேல் தொப்பியை வைத்தேன். "கிடைச்சிடுச்சு" என்றேன். "இதே மாதிரி எல்லாத்தையும் நான் கண்டுபிடிச்சுக் கொண்டுவந்துருவேன். பிளாஸ்டிக் வாங்க வேணாம்."

அவர் அதை இரண்டு விரலால் தூக்கினார். "எவிடுன்னு கிட்டி?"

சொன்னேன். எந்தக் கிட்டங்கி, என்ன சரக்கு, எத்தனை நாளாகத் தலையில் இருந்தது, எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். சாட்சியம் முழுமையாக இருந்தால் தீர்ப்பு நம் பக்கம் வரும் என்று அப்போது நம்பியிருந்தேன். செக்ரட்டரி ஒரு முறை தும்மினார். கடைவாசலில் சாயா குடித்துக்கொண்டிருந்த இரண்டு பெரியவர்களைக் கூப்பிட்டு, தொப்பியை உயர்த்திக் காட்டினார்.

"கண்டோ? நான் பறஞ்ஞதல்லே? வற்றல் சாக்கு சுமந்த தொப்பி. இதைத்தான் நாளைக்கு யாராவது தலையில் வச்சுத் தொழணும். நெற்றியில் பட்டால் என்ன கதி?" பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள். "மோள் நல்ல குட்டி" என்று என் தலையில் தட்டினார் செக்ரட்டரி. "நீ கொண்டுவந்து காட்டினது நல்லதாச்சு. கமிட்டியில் ரெண்டு பேர் நூல் தொப்பிதான் வேணும்னு நின்னாங்க. இப்போ ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டாங்க."

அவர் பொய் சொல்லவில்லை, கெட்டவரும் இல்லை. எனக்கு ஒரு நாரங்கா மிட்டாய்கூடக் கொடுத்தார். அதுதான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியாதது. நான் தேடிக் கொண்டுபோன சாட்சியத்தை வைத்தே என் அம்மாவை அந்தப் பெட்டியிலிருந்து வெளியேற்றிவிட்டு, அதற்கு எனக்கு நன்றி சொன்னார். மிட்டாயைப் பிரிக்காமலே கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தொப்பியை அவள் மடியில் எறிந்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். இரண்டு விரலால் தூக்கியதை, பெரியவர்கள் தலையாட்டியதை. அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். உள்புறத்தை வெளியே திருப்பினாள். பூவிதழ் ஓட்டைகளில் சிவப்புத் தூள் அடைத்திருந்தது. விரலால் ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"தலை எப்படி?" என்றாள்.

"என்ன எப்படி?"

"பெரிசா? நெத்தி அகலமா? காதுக்கு மேல நின்னுச்சா, காதைத் தொட்டுச்சா?"

"அம்மா! மூட்டைக்கு அடியில வச்சிருந்தாம்மா!"

"வச்சிருந்தார்னு சொல்லு. காதைத் தொட்டுச்சா?"

"தொடல. டைட்டா இருக்குன்னு வேற சொன்னார். எரியலையாம்."

அம்மா சிரித்துவிட்டாள். வெட்கப்பட்ட சிரிப்பு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "சோத்துப் பானையில மாட்டியிருக்கணும். பால் சட்டியில மாட்டிட்டேன்" என்றாள். செக்ரட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சாப்பிட மாட்டேன் என்று போய்ப் படுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பிளாஸ்டிக் வந்தது. பெரிய பாலித்தீன் பையைக் கிழித்துச் செக்ரட்டரியே கொட்டினார். சிரட்டைகளைக் கொட்டியது போலச் சத்தம். பெட்டியின் அடியில் மிஞ்சியிருந்த அம்மாவின் தொப்பிகளை ஒரு கடைப் பையில் போட்டு அத்தாவிடம் கொடுத்தார்கள். அத்தா "சரி" என்று வாங்கிக்கொண்டார். வேறென்ன சொல்வார்? அன்று தொழுகையில் நான் படியில் உட்கார்ந்து பார்த்தேன். குனியும்போது உள்ளே எங்கேயோ ஒன்று டக்கென்று தரையில் விழுந்து உருண்டது. எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்.

அம்மா திரும்பி வந்த தொப்பிகளைத் துவைத்துப் பாத்திரங்களின் தலையில் மாட்டினாள். மிளகாய்த் தொப்பியை மட்டும் தனியாக அலசி, சோற்றுப் பானையில் இழுத்து மாட்டினாள். பானை காயும்வரை அன்று சோறு இல்லை. அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஊசி இறங்கியது. ஆனால் பாதியில் நின்றிருந்த தொப்பியைப் பிரித்துவிட்டாள். இரட்டை நூல் சேர்த்துப் புதிதாகத் தொடங்கினாள். இந்த முறை உச்சியில் பூவிதழ் இல்லை. ஓட்டையே விடாமல் இறுக்கி அடைத்துக்கொண்டு வந்தாள். பார்க்க அழகாகவே இல்லை. விளிம்பில் மட்டும் மீன் செதில் இருந்தது. அத்தாவுக்காக இருக்கும் என்று நினைத்தேன்.

ஒரு நாள் சாயங்காலம், "இஞ்சி வாங்கணும், வா" என்றாள். இஞ்சி எங்கள் தெருமுனையிலேயே கிடைக்கும். அம்மா அத்தாவின் கடைக் குடையை விரித்துக்கொண்டு பஜார் ரோட்டுக்கு நடந்தாள். கிட்டங்கிச் சந்தின் வாயில் நின்றாள்.

"எந்த ஆளு?"

நான் காட்ட மாட்டேன் என்று நின்றேன். அம்மா மறுபடியும் கேட்டாள். அவள் குரலில் ஏதோ இருந்தது, காட்டினேன். பையிலிருந்து துவைத்த பழையதையும், அந்த அழகில்லாத புதியதையும் எடுத்து என்னிடம் தந்தாள்.

"போய்க் குடுத்துட்டு வா."

"நான் கொண்டுவந்ததை நானே திருப்பிக் குடுக்கணுமா? திரும்பவும் மூட்டைக்கு அடியில வைப்பாரு!"

"ம். போ."

முதுகில் கை வைத்துத் தள்ளினாள். நான் போய், அவர் முகத்தைப் பார்க்காமல் நீட்டினேன். "ஓ, போலீஸ் பின்னெயும் வந்நு" என்றார் லாரி மேலிருந்தவர். மூட்டை தூக்கும் அந்த இக்கா இரண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, புதியதைத் தலையில் மாட்டினார். காதைத் தொட்டு நின்றது. "மணவாளன் ஆயல்லோ!" என்று நாலு பக்கமும் கூச்சல். அவர் சந்தின் வாயைப் பார்த்தார். குடையின் கீழ் நின்றவள் யாரென்று தெரிந்திருக்க வேண்டும். நெஞ்சில் ஒரு கணம் கையை வைத்தார். அம்மா குடையைச் சட்டென்று முகத்துக்குத் தாழ்த்தினாள். ஆனால் குடையின் விளிம்பு அவள் கண் வரைக்கும் இறங்கவில்லை.

அதன் பிறகு மற்றவர்களும் கேட்டு அனுப்பினார்கள். கேட்டு அனுப்பியது யார் மூலம்? என் மூலம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, "பாப்பா, எனிக்கும் ஒண்ணு" என்று லாரியிலிருந்து குரல் வரும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். ஆனாலும் வீட்டில் சொல்லிவிடுவேன். அம்மா தலையின் அளவு கேட்பாள். இப்போது என் பதிலுக்காக அவள் காத்திருக்கவும் இல்லை. எங்கள் வீட்டுக்கு இஞ்சியும் பூண்டும் புளியும் பஜார் ரோட்டிலிருந்தே வரத் தொடங்கின.

இதெல்லாம் எனக்குப் பெரிய தோல்வியாகத் தெரிந்தது. தொழுகைத் தலையில் இருந்த தொப்பி மூட்டைக்கு அடியில் போய்விட்டது. அழகான பூவிதழ் போய், அடைத்த உச்சி வந்துவிட்டது. செக்ரட்டரியின் பெட்டி பச்சையும் வெள்ளையுமாக நிரம்பி வழிய, ஒருவரும் அதிலிருந்து எடுத்துக்கொண்டு போகவில்லை. அவர் சொன்னது போலவே. இவ்வளவுக்கும் பிறகு அம்மாவுக்கு ரோஷம் என்று ஒன்று கிடையாதா என்று எனக்கு ஆத்திரம். நேராகவே கேட்டேன் ஒரு முறை. "ரோஷமா? எதுக்கு?" என்றாள், உண்மையாகவே தெரியாதவள் போல.

அந்தக் கோடையில் ஒரு நாள் நன்றாக நினைவிருக்கிறது. சுக்கும் வற்றலும் ஒரே நேரத்தில் வந்து, சந்து நிறைய ஆட்கள். அம்மா சந்தின் வாயில், எதிர்ச்சுவர் ஓரமாக, குடையோடு நின்றாள். அவர்கள் வரிசையாக எங்களைக் கடந்து போனார்கள். மூட்டை, தோர்த்து, அதன் கீழே வெள்ளை விளிம்பு. மூட்டை, தோர்த்து, வெள்ளை விளிம்பு. இறக்கிவிட்டுத் திரும்பும்போது தோர்த்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்வார்கள். அப்போது தொப்பி மட்டும் முழுதாகத் தெரியும். ஒருவருக்குப் புருவம் வரை இறங்கியிருந்தது. ஒருவர் உள்புறம் வெளியே தெரியப் போட்டிருந்தார். என் கையைப் பிடித்திருந்த அம்மாவின் விரல்கள், ஒவ்வொரு தலை கடக்கும்போதும், கண்ணி நுழைப்பது போல லேசாக அசைந்தன.

எனக்கு வெயில் சுட்டது. மிளகாய்க் காற்றில் கண் எரிந்தது. அவள் கண்ணும் எரிந்திருக்க வேண்டும். நீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. இதில் நின்று பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. "இஞ்சிக் கடையை மூடிருவாங்கம்மா, வா, வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தேன்.